பந்தை உருட்டுவது எந்த விரல்?

ஸ்கேன் அறையில் படுத்திருப்பவர் திரையைத்தான் பார்ப்பார். கூடப் போனவர் பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்கினால் ஒரு வேடிக்கை தெரியும். டாக்டரின் ஒரு கை வயிற்றின் மேல் கருவியை நகர்த்திக்கொண்டிருக்கும். மற்றொரு கை, பொத்தான்கள் நிறைந்த பலகையின் நடுவில் பதித்திருக்கும் ஒரு பந்தை உருட்டிக்கொண்டிருக்கும். பந்து உருள உருளத் திரையில் ஒரு சிறிய கூட்டல் குறி நகரும். குழந்தையின் தலை ஓரத்தில் ஒரு புள்ளி, எதிர் ஓரத்தில் இன்னொரு புள்ளி. இடையிலுள்ள நீளத்தை இயந்திரம் சொல்லிவிடும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இயந்திரத்துக்கு ஒரு மவுஸ் வாங்கி மாட்டக் கூடாதா?

இந்தக் கேள்வியோடு இன்னொன்றும் இருக்கிறது. பிரவுசிங் சென்டர் காலத்து மவுஸின் வயிற்றுக்குள் ஒரு ரப்பர் பந்து இருந்தது. கர்சர் நகராமல் முரண்டு பிடித்தால், அடி மூடியைத் திருகிப் பந்தை வெளியே எடுத்து, உள்ளே உருளைகளில் சுற்றியிருந்த அழுக்கை நகத்தால் சுரண்டினோம். அந்தப் பந்து ஒழிந்தபோது யாரும் கண்ணீர் விடவில்லை. அப்படியிருக்க, அதே பந்தைப் பெரிதாக்கி மேலே தூக்கிவைத்து, மவுஸைவிடக் கூடுதல் விலைக்கு இன்றும் விற்கிறார்கள். வாங்கவும் ஆள் இருக்கிறது. நாமும் ஒன்று வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

மவுஸுக்கு மூத்தது

கடையில் இதற்குப் பெயர் டிராக்பால். நாம் உருள்பந்து என்று வைத்துக்கொள்வோம். மவுஸைக் கவிழ்த்துப் போட்டால் உருள்பந்து என்று சொல்வது வழக்கம். வரலாறு அப்படி இல்லை.

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, பிரிட்டிஷ் கடற்படையின் அறிவியல் பிரிவில் ரால்ஃப் பெஞ்சமின் என்ற பொறியாளர் ராடார் திரைக்கான கருவி ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். திரையில் ஒளிப்புள்ளியாகத் தெரியும் விமானத்தின் மேல் ஒரு குறியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். கையிலிருந்தது ஜாய்ஸ்டிக். அது அவருக்குத் திருப்தி தரவில்லை. 1946-இல் ஓர் உலோகப் பந்தை ரப்பர் பூசிய இரண்டு சக்கரங்களின் மேல் உருளவிட்டார். ஒரு சக்கரம் இட வலத்தையும் இன்னொன்று மேல் கீழையும் அளந்தது. மறு ஆண்டே காப்புரிமை பதிவானது. ஆனால் ராணுவ ரகசியம் என்பதால் பொருள் வெளியே வரவில்லை.

1952-இல் கனடாக் கடற்படைக்காக டேட்டார் என்ற கணினித் திட்டத்தில் டாம் கிரான்ஸ்டன், ஃப்ரெட் லாங்ஸ்டாஃப், கென்யன் டெய்லர் மூவரும் தாங்களாகவே இதே யோசனைக்கு வந்துசேர்ந்தார்கள். பந்துக்காக அவர்கள் மெனக்கெடவில்லை. கனடாவில் ஆடும் ஐந்து முளை பவுலிங் ஆட்டத்தின் பந்தையே எடுத்துப் பொருத்திவிட்டார்கள். அதுவும் ரகசியமாகவே இருந்தது.

மேற்கு ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்துக்கும் ராடார் மேசைகளில் பந்து பதித்துப் பழக்கம் உண்டு. அங்கே ரைனர் மாலெப்ரைன் என்பவரின் குழு அந்தப் பந்தைக் கவிழ்த்து, கையடக்கமான கூட்டுக்குள் வைத்து, மேசையின் மேல் ஓடவிட்டது. 1968 அக்டோபரில் நிறுவனம் அதை அறிவித்தது. இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 9 அன்று, சான் ஃபிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் தம்முடைய மவுஸைக் கூட்டத்துக்கு முன் இயக்கிக் காட்டினார். அதற்கு அடியில் பந்து இல்லை, சக்கரங்கள். ஆக, நாம் நகத்தால் சுரண்டிய பந்து மவுஸ்தான் கவிழ்த்துப் போட்ட உருள்பந்து.

அழுக்கு எங்கிருந்து வந்தது?

மவுஸின் பந்து மேசையில் உருண்டது. மேசையிலிருந்த தூசி, துணிநூல், முறுக்குத் தூள் எல்லாவற்றையும் உள்ளே அள்ளிக்கொண்டு போனது. உருள்பந்து மேசையைத் தொடுவதே இல்லை. அதற்கு அழுக்கு சேர்வது பெரும்பாலும் கையிலிருந்துதான்.

இதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. மவுஸ் எந்த மேசையில் ஓடப்போகிறது என்று செய்பவருக்குத் தெரியாது: மரமா, கண்ணாடியா, பிளாஸ்டிக் விரிப்பா? உருள்பந்துக்கு அந்தக் கவலை கிடையாது. பந்தும் அவர்கள் செய்வது, அதன் மேலுள்ள புள்ளிகளும் அவர்கள் போடுவது. ஆகவே தனி விரிப்பு எதுவும் கேட்காமல் ஒளியால் அசைவைப் படிக்கும் வித்தை உருள்பந்துக்கு முந்தி வந்தது. 1995-இல் லாஜிடெக் நிறுவனத்தின் டிராக்மேன் மார்பிள், புள்ளி தெளித்த பந்தை ஒளி உணரியால் படித்தது. சாதாரண மேசையில் அப்படியே ஓடக்கூடிய ஒளி மவுஸ் பரவத் தொடங்கியது 1999-இல்தான்.

உணரி என்று சொல்வது சென்சாரை. அது பந்தின் மேற்பரப்பில் ஒரு சிறு இடத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படம் எடுக்கிறது. முந்தைய படத்தில் இங்கே இருந்த புள்ளி இந்தப் படத்தில் அங்கே போயிருக்கிறதா, அப்படியானால் பந்து இவ்வளவு உருண்டிருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. உருளைகளும் இல்லை, அவற்றைச் சுரண்டும் வேலையும் இல்லை.

ஸ்கேன் அறைக்கும் இதே இடத்தில் பதில் கிடைக்கிறது. அந்த இயந்திரம் சக்கரத்தில் உருண்டு அறைக்கு அறை போவது. மவுஸ் ஓட்டச் சமதளம் கிடையாது. தள்ளும்போது மவுஸ் கீழே விழும். டாக்டரின் ஒரு கை எப்போதும் நோயாளியின் மேல் இருக்கிறது. கண் திரையை விட்டு இறங்கக் கூடாது. பலகையில் பதித்த பந்து என்றால், தேடாமலே கை அங்கே போய் நிற்கும். ஆடும் கப்பலில் ராடார் பார்த்தவர்களுக்கும் இதே தேவைதான் இருந்தது.

மூன்று புள்ளிகள்

உருள்பந்து ஒன்றைக் கையில் எடுத்து, அடித்துளை வழியாக விரலால் தள்ளிப் பந்தை வெளியே எடுங்கள். குழிக்குள் மூன்று சிறு மணிகள் தெரியும். பந்தின் முழு எடையும், நம் விரல் தரும் அழுத்தமும் அந்த மூன்றின் மேல்தான் இறங்குகின்றன. அவற்றைத் தாங்குமணிகள் என்போம்.

ஏன் மூன்று? நம் ஊர் அடுப்புக்கு மூன்று கல் வைத்த அதே காரணம். மூன்று கல்லும் ஏறத்தாழ சரியாக இருந்தாலே பானை மூன்றிலும் உட்கார்ந்துவிடும். நான்காவது கல் வைத்தால் நான்கும் துல்லியமாக ஒத்துவர வேண்டும். இல்லையேல் ஒன்று சும்மா நிற்கும், பானை ஆடும். பந்து மயிரிழை ஆடினாலும் அதை அசைவு என்றே உணரி எண்ணிவிடும்.

மணிகள் எஃகாகவோ, பீங்கான் வகையாகவோ, செயற்கை மாணிக்கமாகவோ இருக்கும். மாணிக்கம் என்றதும் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். தேயாத கடினம்தான் காரணம். இவை சுழல்வதில்லை. பந்து இவற்றின் மேல் வழுக்குகிறது. விரலுக்கும் பந்துக்கும் நடுவே உராய்வு மிகுதி, பந்துக்கும் மணிக்கும் நடுவே குறைவு. இந்த ஏற்றத்தாழ்வால்தான் விரல் நகரும்போது பந்து கூடவே வருகிறது.

உராய்வில் ஒரு குணம் உண்டு. நிற்கும் பொருளைக் கிளப்பத் தேவைப்படும் விசை, கிளம்பிய பொருளை நகர்த்தத் தேவைப்படும் விசையைவிட அதிகம். பீரோவைத் தள்ளிய அனைவருக்கும் இது தெரியும். இதைக் கிளப்பு உராய்வு என்று குறித்துக்கொள்ளுங்கள். உருள்பந்தின் நல்லது கெட்டது பாதிக்கு மேல் இதில் அடங்கியிருக்கிறது என்பது என் கட்சி. பெட்டியின் மேல் இதைப் பற்றி ஒரு சொல் இருக்காது.

ஒரு கணக்கு

பெட்டியின் மேல் இருப்பது டிபிஐ என்ற எண். பந்தின் மேற்பரப்பு ஓர் அங்குலம் நகர்ந்தால் உணரி எத்தனை எண்ணும் என்பதே அது. ஓர் எண்ணுக்குக் கர்சர் ஒரு பிக்சல் நகர்வதாக வைத்துக்கொண்டு, ஒரே ஒரு வேலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1920 பிக்சல் அகலத் திரை. கர்சர் இடக்கோடியில் இருக்கிறது. வலக்கோடியில் 16 பிக்சல் அகலத்தில் ஒரு பெருக்கல் குறி. அதை அழுத்த வேண்டும்.

முதலில் 34 மில்லிமீட்டர் பந்து. லாஜிடெக் எம்575 போன்ற, கட்டைவிரலால் உருட்டும் வகைகளில் இருப்பது இந்த அளவு. டிபிஐ 400 என்றால், 1920-ஐ 400-ஆல் வகுக்க 4.8 அங்குலம், அதாவது 122 மில்லிமீட்டர். இந்தப் பந்தின் சுற்றளவே 107 மில்லிமீட்டர்தான். ஒரு முழுச் சுற்றுக்கு மேல் உருட்ட வேண்டும். கட்டைவிரல் ஒரு வீச்சில் 20 மில்லிமீட்டர் தள்ளும் என்று கொண்டால் ஆறேழு வீச்சு. யாருக்கும் பொறுமை இருக்காது.

டிபிஐயை 1600 ஆக்குவோம். இப்போது 30 மில்லிமீட்டர் போதும். இரண்டு வீச்சில் வேலை முடிந்தது. ஆனால் கடைசியில் நிற்க வேண்டிய அந்தப் பெருக்கல் குறியின் அகலம், பந்தின் மேல் எவ்வளவு? 400-இல் அது 1 மில்லிமீட்டராக இருந்தது. 1600-இல் கால் மில்லிமீட்டர். விரல் மெல்லத் தள்ளுகிறது; கிளப்பு உராய்வால் பந்து அசையவில்லை; விரல் நுனியின் தோல் மட்டும் இழுபடுகிறது; திடீரென்று பந்து விடுபட்டுத் துள்ளுகிறது. அந்தத் துள்ளல் கால் மில்லிமீட்டரைத் தாண்டினால் கர்சர் குறியின் அந்தப் பக்கம் போய் நிற்கும். திரும்பி வந்தால் இந்தப் பக்கம். எண்ணைப் பெரிதாக்கினால் துல்லியம் கூடும் என்று விளம்பரம் சொல்கிறது. பந்தின் துள்ளல் குறையாதவரை அந்த எண்ணால் பயனில்லை.

இப்போது 55 மில்லிமீட்டர் பந்து. கென்சிங்டன் எக்ஸ்பர்ட் மவுஸில் இருப்பது. கிட்டத்தட்ட பில்லியர்ட்ஸ் பந்து அளவு. அதே 400-இல் திரையைக் கடக்க எவ்வளவு? அதே 122 மில்லிமீட்டர். 1600-இல் பெருக்கல் குறியின் அகலம்? அதே கால் மில்லிமீட்டர்.

பெரிய பந்து என்றால் துல்லியம் அதிகம் என்றே உருள்பந்துப் பிரியர்கள் சொல்வார்கள். கணக்கில் விட்டம் நுழையவே இல்லை பாருங்கள். விரலும் பந்தின் மேற்பரப்பைத்தான் தொடுகிறது, உணரியும் மேற்பரப்பைத்தான் படிக்கிறது. விரல் ஒரு மில்லிமீட்டர் போனால் உணரிக்கு முன்னாலும் ஒரு மில்லிமீட்டர் போகும். பந்து கோலிக்குண்டாக இருந்தாலும் பூசணிக்காயாக இருந்தாலும்.

அப்படியானால் பெரிய பந்து எதற்கு?

அந்தப் பிரியர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, காரணம் வேறு. முதல் காரணம் இடம். சிறு பந்தின் வெளியே தெரியும் வளைவில் ஒரு விரலுக்கே இடம் காணாது. பெரிய பந்தில் இரண்டு மூன்று விரல்கள் சேர்ந்து நீளமாக வீசலாம். ஒரு வீச்சுக்கு 40 மில்லிமீட்டர் சாதாரணம். அதே 122 மில்லிமீட்டரை மூன்றே வீச்சில் கடந்துவிடலாம். ஆகவே டிபிஐயைக் குறைவாக வைத்துக்கொள்ளும் வசதி பெரிய பந்துக்காரருக்குக் கிடைக்கிறது. குறைவாக வைத்தால் பெருக்கல் குறி பந்தின் மேல் அகலமாகிறது. துல்லியம் வருவது இந்த வழியில்.

இரண்டாவது காரணம் நிலைமம், அதாவது இருக்கும் நிலையை விட்டு மாற மறுக்கும் குணம். ஒரே பொருளில் வார்த்தால் 55 மில்லிமீட்டர் பந்தின் எடை 34 மில்லிமீட்டர் பந்தைப்போல் நான்கு மடங்குக்குச் சற்று மேல். விரலின் சிறு நடுக்கம் லேசான பந்தை ஆட்டிவிடும். கனத்த பந்து அதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும்.

கனத்த பந்தை ஒரு சுண்டு சுண்டினால் ரொம்ப நேரம் சுழலும் என்பதும் பேச்சு. இதில் பாதி தவறு. எடை கூடினால் தாங்குமணிகளின் மேல் உராய்வும் அதே விகிதத்தில் கூடும். ஒன்றுக்கொன்று சரியாகப் போய்விடும். கனத்த பந்து ஜெயிப்பது எடையைச் சாராத தடைகளிடம்: மணிகளைச் சுற்றிய பிசுக்கு, ஒட்டிய தூசி. மூன்று விரலால் சுண்டுகிறோம் என்பதால் தொடக்க வேகமே கூடுதல் என்பதும் உண்டு.

சிறு பந்துக்கு ஒரு வழி இருக்கிறது. மெல்ல உருட்டினால் கர்சர் கொஞ்சமாகவும், வேகமாக உருட்டினால் விகிதத்துக்கு மேல் தாராளமாகவும் நகரும்படி கணினியிடம் சொல்லிவிடலாம். விண்டோஸில் மவுஸ் அமைப்புகளுக்குள் இதற்கு ஒரு டிக் இருக்கிறது. பெரும்பாலும் முன்பே போட்டிருக்கும். மவுஸ் பிடித்து விளையாடுபவர்கள் முதல் வேலையாக அதை எடுத்துவிடுவார்கள். கட்டைவிரல் பந்து வைத்திருப்பவர்கள் எடுக்க வேண்டாம்.

கட்டைவிரலா, மற்ற விரல்களா?

கட்டைவிரல் வகையின் பலம் பழக்கம். உருவம் மவுஸைப்போலவே இருக்கும், ஆள்காட்டி விரல் அதே பொத்தானில் இருக்கும், நடுவில் அதே சக்கரம். கட்டைவிரலுக்கு மட்டும் புது வேலை. கொஞ்ச நாளில் கை பழகிவிடும்.

பலவீனமும் அந்த விரல்தான். மணிக்கட்டு வலிக்கிறது என்று உருள்பந்துக்கு மாறுகிறவர்கள் பலர். உருள்பந்து வேலையை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. மவுஸில் தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் பங்குபோட்டுச் செய்ததைக் கட்டைவிரல் வகையில் ஒற்றை விரல் நாள் முழுதும் செய்கிறது. கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரமாக ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. ஏற்கெனவே செல்போனில் தட்டித் தட்டி அந்த இடத்தில் வலி கண்டவர்கள் கட்டைவிரல் பந்தின் பக்கம் போகாதிருப்பது நல்லது. வலி நிலைத்துவிட்டவர் கடைக்குப் போகுமுன் மருத்துவரிடம் போக வேண்டும்.

விரல் வகையில் பந்து நடுவில் இருக்கும், பொத்தான்கள் சுற்றிலும். வேலை பல விரல்களுக்குப் பங்காகிறது. இடக்கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் வழி. கட்டைவிரல் வகைகளில் மிகப் பல வலக்கைக்கென்றே வார்த்தவை. விரல் வகையிலும் எலகாம் ஹியூஜ் போல 52 மில்லிமீட்டர் பந்து வைத்தும் வலக்கைக்கு மட்டுமே பொருந்துபவையும் உண்டு. படத்தை நன்றாகப் பார்த்து வாங்க வேண்டும். என்னைக் கேட்டால் மேசையில் இடமிருப்பவருக்கு விரல் வகையைத்தான் சொல்வேன்.

இன்னொரு சிறு விஷயம் சாய்வு. உள்ளங்கையைக் கீழ்நோக்கி மேசையில் வைக்கும்போது முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே திரும்புகின்றன. கை குலுக்க நீட்டும் நிலையில் அவை கிட்டத்தட்ட இணையாக நிற்கும். அந்தத் திருக்கத்தைக் கொஞ்சம் குறைக்கத்தான் எம்எக்ஸ் எர்கோ போன்ற உருள்பந்துகளை 20 பாகை சாய்த்து வைக்கும் வசதி.

இழுப்பதில் தகராறு

ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கோப்பை இழுத்து வேறிடத்தில் போடுகிறோமே, அங்கேதான் உருள்பந்து தடுமாறும். 1991-இல் ஸ்காட் மெக்கன்சி, அபிகேல் செல்லன், வில்லியம் பக்ஸ்டன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு மவுஸ், எழுத்துக்கோல் பலகை, உருள்பந்து மூன்றையும் ஒப்பிட்டது. வெறுமே சுட்டுவதற்கு மவுஸில் சராசரியாக 0.7 நொடி, உருள்பந்தில் 1.1 நொடி. இழுத்துப் போடுவதற்கு மவுஸில் 0.9, உருள்பந்தில் 1.3. இழுக்கும்போது குறி தவறியது மவுஸில் நூற்றுக்கு 11, உருள்பந்தில் 17.

காரணம் கையிலேயே இருக்கிறது. மவுஸில் நகர்த்துவது கை, அழுத்துவது விரல். உருள்பந்தில் இரண்டையும் விரல்களே செய்ய வேண்டும்; ஒரு விரல் அழுத்திப் பிடித்திருக்கும்போது பக்கத்து விரல் தாராளமாக அசையாது. அந்தக் காலத்துப் பந்தைவிட இன்றைய பந்து எவ்வளவோ மேல் என்றாலும், இந்த உடற்கூறு மாறவில்லை. ஆகவே வாங்குவதில் ஓர் உபரிப் பொத்தானாவது இருக்கிறதா, அதை 'ஒருமுறை அழுத்தினால் பிடித்துக்கொள், மறுமுறை அழுத்தினால் விடு' என்று மாற்ற மென்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். நாள் முழுதும் கணினியில் ஓவியம் தீட்டுபவருக்கு இதுவும் போதாது. அவர் மவுஸையோ எழுத்துக்கோலையோ விட்டுவர வேண்டியதில்லை. எக்செல் கட்டங்களோடு காலம் தள்ளுபவருக்கும், ஒலி ஒளித் தொகுப்பில் நீளமான காலக்கோட்டில் ஓடுபவருக்கும் உருள்பந்து ஒத்துவரும்.

கடையில் பெட்டியைத் திறக்க விட்டால்

டிபிஐயைக் கேட்க வேண்டாம். மிக மெல்ல, எவ்வளவு மெல்ல முடியுமோ அவ்வளவு மெல்ல பந்தை மூலைவாட்டில் உருட்டுங்கள். தடையில்லாமல் கிளம்புகிறதா, துள்ளிக் கிளம்புகிறதா என்று விரலுக்கே தெரிந்துவிடும். விரலின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். மணிகளின் மேல் இறங்கும் பாரத்தில் சிறு பந்தின் எடையைவிட விரலின் அழுத்தம் பெரிதாக இருக்கக்கூடும், ஆகவே லேசாகத் தொடப் பழகுவதே பாதிச் சிகிச்சை. பந்து எளிதாக வெளியே வருகிறதா என்றும் பாருங்கள். வராவிட்டால் மூன்று மணிகளையும் துடைக்க வழியில்லை. துடைக்காத உருள்பந்தில் சில வாரங்களில் அழுக்கு மண்டிவிடும்.

சில மாடல்களில் நிலையான மணிகளுக்குப் பதில் தாமே சுழலும் பேரிங் வைத்திருப்பார்கள். கிளப்பு உராய்வு வெகுவாகக் குறையும். கொஞ்சம் சத்தம் போடும். இரவில் பக்கத்தில் யாராவது தூங்கினால் அதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்த புதுப் பந்து கடையில் பார்த்த மாதிரிப் பந்தைவிடக் கடினமாக ஓடுகிறதே என்று திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். கடைப் பந்தில் பலருடைய விரல் எண்ணெய் ஏறி, மணிகளுக்கு மசகாகிவிட்டது. உங்கள் பந்தில் இன்னும் ஏறவில்லை. அனுபவஸ்தர்கள் பந்தை எடுத்து நெற்றியிலோ மூக்கின் ஓரத்திலோ ஒரு தேய்ப்புத் தேய்த்துத் திரும்ப வைப்பார்கள். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் வேலை செய்கிறது. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். அது தூசியைப் பிடித்துவைத்து மணிகளைச் சுற்றிப் பிசுக்காக்கும், உணரியின் கண்ணையும் மறைத்துவிடும்.